மலிவு விலை பவுலிங் கேம்: முதல் நாள் இனிப்பு, அடுத்த வாரம் சலிப்பு, ஏன்?

கேட்டவர் சொன்னது சுருக்கமாக இது: தள்ளுபடியில் முந்நூறு ரூபாய்க்கு ஒரு பவுலிங் வீடியோ கேம் வாங்கினாராம், முதல் நாள் வீடே கூடி ஆடியதாம், அடுத்த ஞாயிறு அதை யாரும் தொடவில்லையாம். எல்லா மலிவு பவுலிங் கேமும் இப்படித்தானா, இல்லை நான் வாங்கியது மட்டும்தான் மோசமா என்கிறார். (கிரிக்கெட் பவுலிங் இல்லை. பத்துப் பின்களை நிறுத்தி வைத்துப் பந்தை உருட்டி வீழ்த்துகிற டென்பின் பவுலிங்.)

பெரும்பாலும் இப்படித்தான். ஆனால் மலிவு, அதனால் மட்டம் என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாது. இந்த கேம்களைச் செய்கிறவர்கள் இருக்கிற கொஞ்சப் பணத்தையும் பின்கள் விழுகிற அழகில் கொட்டுகிறார்கள். நிஜ பவுலிங்கின் கஷ்டமெல்லாம் பின்களுக்கு முன்னால் கிடக்கும் 60 அடித் தரையில்தான் இருக்கிறது. அந்த லேனை வெறும் தரையாக விட்டுவிடுகிறார்கள். முதல் நாள் பின்கள் போதும், அடுத்த வாரத்துக்கு லேன் வேண்டும்.

முதலில், ஏன் இத்தனை பவுலிங் கேம்கள் குப்பை மாதிரி வந்து குவிகின்றன என்று பார்க்கலாம். ஒரு கால்பந்து கேம் செய்ய வேண்டும் என்றால் 22 ஆட்கள் ஓட வேண்டும், ஒவ்வொருவனுக்கும் கொஞ்சம் மூளை வேண்டும், மைதானம், கூட்டம், வர்ணனை எல்லாம் வேண்டும். பவுலிங்குக்கு ஒரு லேன், ஒரு பந்து, ஒன்றைச் செய்து பத்தாக நகல் எடுத்த பின்கள், ஒரு ஸ்கோர்போர்டு. எழுபதுகளின் கடைசியில் அடாரி 2600-இலேயே பவுலிங் வந்துவிட்டது. பின்கள் என்பவை வெறும் சதுரப் புள்ளிகள், ஆனாலும் ஆட முடிந்தது. ஜப்பானில் டி3 பப்ளிஷர் பிளேஸ்டேஷனுக்கு 'சிம்பிள் 1500' என்று ஒரு வரிசை போட்டது, எந்த கேம் எடுத்தாலும் 1500 யென். மாஜாங், ஷோகி (ஜப்பானியச் சதுரங்கம்) என்று ஆரம்பித்த அந்த வரிசையில் பவுலிங் இல்லாமல் இருக்குமா? இருந்தது. அது அமெரிக்காவுக்குப் போனபோது வெறும் 'பவுலிங்' என்ற பெயரில் மலிவு வரிசையில் விற்றார்கள். பெயருக்குக்கூடச் செலவு செய்யவில்லை.

நம் ஊர்க்காரர்கள் பலர் நிஜ லேனைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே பவுலிங் ஆடியவர்கள். புது எச்பி, காம்பாக் கம்ப்யூட்டர்களோடு கூடவே வந்த 'போலார் பவுலர்' ஞாபகம் இருக்கிறதா? வைல்ட்டேன்ஜென்ட்டின் கேம், 2004. பனிக்கரடி ஒன்று ட்யூபில் உட்கார்ந்து சறுக்கிப் போய்ப் பின்களில் மோதும். இலவச முறை தீர்ந்ததும் காசு கேட்கும், நாம் மூடிவிடுவோம். அதற்கப்புறம் ஜாவா போன்களில் கேம்லாஃப்டின் 'மிட்நைட் பவுலிங்'. 'ஜிடிஏ 4'-இல் கதாநாயகனின் உறவினன் ரோமன் நேரம் காலம் தெரியாமல் போன் போட்டு பவுலிங் போகலாமா என்று கேட்பதை இன்னும் மீம் ஆக்கிக்கொண்டிருக்கிறார்கள். உலகத்திலேயே அதிகம் பேசப்பட்ட பவுலிங் கேம்களில் ஒன்று இன்னொரு கேமுக்குள் ஒளிந்திருக்கும் சின்ன ஆட்டம் என்பது வேடிக்கைதான்.

சரி, ஈர்ப்பு எங்கே இருக்கிறது? விதியை விளக்க வேண்டியதில்லை. உருட்டு, விழணும், அவ்வளவுதான். பத்தும் ஒரே உருட்டில் விழுந்தால் ஸ்ட்ரைக், மிச்சத்தை இரண்டாவது உருட்டில் வீழ்த்தினால் ஸ்பேர், இப்படிப் பத்து ஃப்ரேம். ஸ்ட்ரைக்குக்கு அடுத்த இரண்டு உருட்டின் எண்ணிக்கையும் சேரும், ஸ்பேருக்கு அடுத்த ஒன்று மட்டும் சேரும் என்கிற கூட்டல்தான் புதியவர்களைக் குழப்பும், அதை கேம் தானே போட்டுவிடுகிறது. பாட்டியும் ஆடலாம், ஆறு வயதுப் பேரனும் ஆடலாம். ஒரே கன்ட்ரோலர் இருந்தாலும் கை மாற்றிக் கை மாற்றி நான்கு பேர் ஆடலாம். சண்டை கேமிலோ கார் ரேஸிலோ தெரிந்தவன் தெரியாதவனைப் புரட்டி எடுத்துவிடுவான், இதில் தெரியாதவனும் தடுமாறி ஒரு ஸ்ட்ரைக் போட்டு எழுந்து ஆடுவான். அப்புறம் அந்தக் கடைசிப் பின். ஒன்பது விழுந்து ஒன்று மட்டும் ஆடி ஆடி நிற்கும்போது அறையில் இருக்கிற எல்லோரும் விழு விழு என்று கத்துவார்கள். இந்த ஒரு நொடிக்கு முந்நூறு ரூபாய் தரலாம் என்பது என் கட்சி.

அந்த நொடி ஒழுங்காக வர வேண்டும் என்றால் உள்ளே கணக்கு ஒழுங்காக இருக்க வேண்டும், பல மலிவு கேம்கள் முதலில் சறுக்குவது இங்கேதான். நிஜப் பின் ஒன்று 15 அங்குல உயரம். வயிற்றுப் பகுதியில் ஏறக்குறைய 4.75 அங்குலம் அகலம், தரையில் நிற்கும் அடிப்பகுதி இரண்டு அங்குலம்தான். அதனால்தான் லேசாகத் தட்டினாலே தள்ளாடும், கீழே விழுந்து உருளும்போது வளைந்து போய்ப் பக்கத்துப் பின்னின் காலை வாரும். அவசரத்தில் செய்கிறவர்கள் கண்ணுக்குத் தெரியும் உருவத்தைப் பின் மாதிரி வரைந்துவிட்டு, மோதல் கணக்குக்கு உள்ளே ஒரு சாதாரண உருளையை வைத்துவிடுவார்கள். உருளையின் அடிப்பகுதி அகலமானது, சுலபத்தில் விழாது. விழ வைக்கப் பின்னின் எடையைக் குறைப்பார்கள். இப்போது தொட்டாலே எல்லாம் பறக்கும்.

வேகமும் ஒரு தொல்லை. நன்றாக உருட்டிய பந்து பின்களை அடையும்போது நொடிக்கு 8 மீட்டர் வாக்கில் போகும். கேம் நொடிக்கு 60 முறை கணக்குப் போடுகிறது என்றால் ஒரு கணக்குக்கும் அடுத்த கணக்குக்கும் நடுவில் பந்து 13 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். பின்னின் அகலமே 12 சென்டிமீட்டர்தான். இடையில் நடந்ததைக் கவனிக்கும் ஏற்பாடு இல்லை என்றால், முந்தைய கணக்கில் முன்னால் இருந்த பந்து அடுத்த கணக்கில் பின்னுக்குள்ளேயே புகுந்து நிற்கும். உடனே கணக்குப் பதறிப்போய்ப் பின்னை வெளியே தள்ளும், பின் கூரைக்குப் பறக்கும். இந்த மாதிரி கேம்களில் பின்கள் வெடிச்சத்தம் கேட்ட காக்கைகள் போல எழும்புவதற்குக் காரணம் இதுதான், கிராபிக்ஸ் ரசனை இல்லை.

பந்தின் எடையும் அப்படித்தான். நிஜத்தில் அதிகபட்சம் 16 பவுண்டு, அதாவது ஏழேகால் கிலோ. ஒரு பின் ஒன்றரை கிலோவுக்குச் சற்று மேல். ஆகவே முதல் பின்னில் மோதியதும் பந்தே கொஞ்சம் விலகும். விலகுவதுதான் ஆட்டம். வலது கைக்காரர் முதல் பின்னுக்கும் வலப்பக்கம் நிற்கும் மூன்றாவது பின்னுக்கும் இடையிலுள்ள பாக்கெட்டில், சுமார் 6 டிகிரி சாய்வில் பந்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தால், பந்து தொடுவது 1, 3, 5, 9 ஆகிய நான்கை மட்டும்தான் (முன்வரிசையிலிருந்து பின்வரிசை வரை, இடமிருந்து வலமாகப் பின்களுக்கு எண்). மற்ற ஆறையும் பின்களே ஒன்றையொன்று தள்ளி வீழ்த்திக்கொள்ளும். நேராக நட்டநடு முதல் பின்னில் அடித்தால் நடுவில் உள்ளவை மட்டும் போய், இரண்டு ஓரத்திலும் கொம்பு மாதிரி பின்கள் நிற்கும். 4, 6, 7, 10 நின்றால் அதற்கு 'பிக் ஃபோர்' என்றே பெயர், எடுப்பது மகா கஷ்டம். மலிவு கேமில் பந்து புல்டோசர், எதில் மோதினாலும் விலகாது, நட்டநடுவில் விட்டாலும் ஸ்ட்ரைக்.

இனி லேன். இதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் இழுத்தேன். நிஜ லேனில் எண்ணெய் பூசியிருப்பார்கள், பாதிப் பேருக்கு இது தெரியாது. பந்து விடும் கோட்டிலிருந்து ஏறத்தாழ 40 அடி வரை எண்ணெய், அதற்குப் பிறகு காய்ந்த தரை. மால்களில் நாம் ஆடும் லேனில் நடுவில் தடிப்பாகவும் ஓரங்களில் மெலிதாகவும் பூசுவது வழக்கம், புதியவர்களுக்கு அது கை கொடுக்கும். எண்ணெய்ப் பகுதியில் உராய்வு மிகக் குறைவு, காய்ந்த இடத்தில் அதைப் போல ஐந்து மடங்கு அளவுக்கு இருக்கும். பக்கவாட்டில் சுழல விட்ட பந்து எண்ணெய் மேல் வழுக்கிக்கொண்டு நேராகப் போய், காய்ந்த தரை வந்ததும் பிடிப்புக் கிடைத்துச் சட்டென்று வளையும். கேரம் போர்டில் பவுடர் போட்ட பாதியிலும் போடாத பாதியிலும் ஸ்ட்ரைக்கர் எப்படி வேறுவேறாக ஓடுமோ அதே சமாச்சாரம். பெரிய போட்டிகளில் எவ்வளவு நீளம், எந்த இடத்தில் எவ்வளவு எண்ணெய் என்பதற்கே வரைபடம் உண்டு. அமெரிக்கத் தொழில்முறை அமைப்பான பிபிஏ அவற்றுக்குச் சிறுத்தை, விரியன், பச்சோந்தி, தேள், சுறா என்று விலங்குப் பெயர்கள் வைத்தது.

அந்த எண்ணெய் ஒரே இடத்தில் நிற்பதும் இல்லை. ஒவ்வொரு பந்தும் கொஞ்சத்தைத் துடைத்துக்கொண்டு போகிறது. ஆட்டம் தொடங்கும்போது சரியாக விழுந்த அதே கோடு, ஒரு மணி நேரம் கழித்து அதிகமாக வளைந்து முதல் பின்னைத் தாண்டிப் போய்விடும். நிற்கும் இடத்தை மாற்ற வேண்டும், வேகத்தை மாற்ற வேண்டும், சில சமயம் பந்தையே மாற்ற வேண்டும். எதிராளியும் அதே லேனில்தான் உருட்டுகிறான், அவன் எந்தக் கோட்டைத் துடைத்தான் என்பது உன் ஆட்டத்தைத் தொடும். பவுலிங்கில் ஒருவரை ஒருவர் பாதிக்கும் வழி, மன அழுத்தத்தைத் தவிர, இது ஒன்றுதான்.

எண்ணெயை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? லேன் மாறாது. பட்டனால் ஆடுகிற கேமில் உன் கையும் மாறாது, இடப்பக்கம் மூன்று தட்டு, குறி இங்கே, பவர் மீட்டர் உச்சியில் ஒரு அமுக்கு. ஒரு நாள் மாலையில் எப்படியாவது ஸ்ட்ரைக் விழும் இடத்தைக் கண்டுபிடித்துவிடுவாய். கண்டுபிடித்த பிறகு அதையே 12 முறை அமுக்கினால் 300, முழு மதிப்பெண். நிஜத்தில் பலர் வாழ்நாளெல்லாம் ஆடியும் எட்டாத எண் அது. இங்கே இரண்டாவது வாரம் தூங்கி வழிந்துகொண்டே எடுக்கலாம். எதிராளியாக ஆடும் கம்ப்யூட்டரும் உன்னை எதுவும் செய்ய முடியாது. அது வெறும் எண், அதன் முறை வரும்போது நீ தண்ணீர் குடிக்கப் போய்விடலாம். பந்தின் எடையைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள், அதுவும் சும்மா. கை வலிக்காத உலகத்தில் 16 பவுண்டைத் தவிர எதை எடுப்பாய்?

சிலர் இதைச் சமாளிக்க ரகசியமாகப் பகடை உருட்டுவார்கள், அதே அமுக்கு, ஆனால் இந்த முறை பந்து கொஞ்சம் விலகும். இது இன்னும் மோசம். தோற்றதற்குக் காரணம் உன் கையிலும் இல்லை, லேனிலும் இல்லை. கேம் ஏமாற்றுகிறது என்று வீட்டில் சின்னது முதல் பெரியது வரை உடனே மோப்பம் பிடித்துவிடும்.

இந்த இடத்தில் 'வீ ஸ்போர்ட்ஸ்' பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. 2006-இல் நின்டென்டோ வீ இயந்திரத்தோடு கொடுத்தது, ஜப்பானில் மட்டும் அப்போது தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. எட்டு கோடிப் பிரதிகளுக்கு மேல் போனது. அதிலுள்ள பவுலிங்கும் பார்க்க எளிமையானதுதான், எண்ணெய் வரைபடம் எதுவும் கிடையாது. ஆனாலும் முதியோர் இல்லங்களில்கூட லீக் வைத்து ஆடினார்கள். காரணம், உருட்டுவது பட்டன் இல்லை, உன் கை. கையை வீசும் வேகமும் மணிக்கட்டின் திருப்பமும் பந்துக்குப் போகிறது. மனிதக் கை எதையும் இரண்டு முறை ஒரே மாதிரி செய்யாது. லேன் மாறாவிட்டாலும் நீ மாறுகிறாய், அதனால் ஆட்டம் உயிரோடு இருக்கிறது. விலகினால் அது உன் தப்பு என்று உனக்கே தெரியும், கோபம் வராது, இன்னொரு ஆட்டம் என்பாய். (பந்தை விடும் நேரத்தில் பட்டனை விடச் சொன்னால் சிலர் ரிமோட்டையே விட்டார்கள். மணிக்கட்டுக் கயிறு அறுந்து ரிமோட் டிவியில் போய் மோதிய வீடுகளும் உண்டு. அந்த ஆண்டு டிசம்பரிலேயே 32 லட்சம் கயிறுகளை மாற்றித் தருவதாக நின்டென்டோ அறிவித்தது.)

வேடிக்கை என்னவென்றால், அதற்குப் பிறகு அதே வீக்கு 'ஏஎம்எஃப் பவுலிங் பின்பஸ்டர்ஸ்', 'பிரன்ஸ்விக் ப்ரோ பவுலிங்' என்று வரிசையாக மலிவு பவுலிங் கேம்கள் வந்தன. இயந்திரத்தோடு சும்மா வந்த ஒன்று ஏற்கெனவே நன்றாக இருக்கும்போது, அதைவிடச் சுமாரான ஒன்றைக் காசு கொடுத்து ஏன் வாங்க வேண்டும்? அட்டையில் நிஜ பவுலிங் நிறுவனத்தின் பெயர் இருந்தது, அவ்வளவுதான். கையசைவைச் சரியாகப் படிக்கத் தெரியாத கேம் பட்டன் கேமைவிட எரிச்சல் தரும், நீ நேராக வீசுவாய், பந்து ஓரப் பள்ளத்துக்குப் போகும்.

மோசத்துக்கும் ஒரு உச்சம் உண்டு. தொண்ணூறுகளின் கடைசியில் மின்னஞ்சலில் பரவிய இலவச விளையாட்டு 'எல்ஃப் பவுலிங்', சான்டாவின் குள்ளர்கள் வேலைநிறுத்தம் செய்ய, அவர்களையே பின்களாக நிறுத்தி சான்டா உருட்டுவார். அதில் வைரஸ் இருக்கிறது என்று ஒரு புரளிகூடக் கிளம்பியது. ஆபீஸில் அரை மணி நேரம் சிரிப்பதற்கு அது சரி. அதையே 2005-இல் நின்டென்டோ டிஎஸ்ஸுக்குக் காசு வாங்கிக்கொண்டு விற்றார்கள், அந்த இயந்திரத்தின் மிக மட்டமான கேம்களின் பட்டியல்கள் பலவற்றில் அதன் பெயர் இருக்கும். ஒரே சரக்கு, இலவசமாக இருந்தபோது ஜோக், விலை போட்டதும் மோசடி மாதிரி ஆகிவிட்டது.

போன் கேம்களைப் பற்றிக் கொஞ்சம். விரலால் தள்ளுவதிலும் கையின் தடுமாற்றம் இருக்கிறது, அந்த வகையில் பட்டனைவிட மேல். ஆனால் இலவசம் என்று இறக்கினால் மூன்று ஃப்ரேமுக்கு ஒரு விளம்பரம், நல்ல வளைவு வேண்டுமா இந்தப் பந்தை வாங்கு என்கிறது. திறமைக்குப் பதில் பந்தை விற்கும் கடை ஆகிவிடுகிறது. விஆர் (கண்ணில் கருவியை மாட்டிக்கொண்டு ஆடுவது) பக்கம் 'ஃபோர்விஆர் பவுல்' மாதிரி ஒன்றில் கை வீச்சு அப்படியே போகிறது, கையில் எடை இல்லாத குறைதான்.

இன்னொரு சில்லறைக் குறை, சில்லறை என்றாலும் நாளாக ஆகக் கழுத்தை அறுக்கும்: ஒவ்வொரு உருட்டுக்கும் பிறகு வரும் காட்சி. ஸ்ட்ரைக் விழுந்தால் ஒரு கார்ட்டூன் குதியாட்டம், மறுஒளிபரப்பு, பந்து திரும்பி வரும் காட்சி, எதையும் தாண்ட முடியாது. நான்கு பேர் ஆடினால் ஒரு ஆட்டத்துக்கு அறுபது எழுபது உருட்டு, ஒவ்வொன்றுக்கும் பத்து நொடி என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். எகிப்துக் கோவில், விண்வெளி, பேய் வீடு என்று இடங்களை மட்டும் அடுக்கிக்கொண்டே போவார்கள். எல்லா இடத்திலும் அதே வழவழத் தரை.

வாங்கலாமா என்றால், வாங்கிய கையோடு இதைச் செய்து பாருங்கள், ஸ்டீம் என்கிற கம்ப்யூட்டர் கேம் கடையில் என்றால் இரண்டு வாரத்துக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்ப வாங்கலாம், அதற்குள் முடிந்துவிடும். முதலில் வளைவே இல்லாமல் நட்டநடு முதல் பின்னில் ஐந்தாறு முறை உருட்டுங்கள். பெரும்பாலும் ஸ்ட்ரைக் விழுந்தால் பந்து புல்டோசர் என்று அர்த்தம். அப்புறம் ஒரே இடம், ஒரே குறி, ஒரே பவர் வைத்துத் திரும்பத் திரும்ப உருட்டுங்கள். அச்சடித்த மாதிரி அதே பின்கள் விழுந்தால் அந்த கேமுக்கு ஒரு வாரம்தான் ஆயுள். அமைப்புகளில் எண்ணெயைப் பற்றி ஏதாவது தேர்வு இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்தப் பேச்சே இல்லாத கேமைத் தனியாக ஆட வாங்காதீர்கள். பிபிஏ உரிமத்தோடு ஃபார்சைட் ஸ்டூடியோஸ் 2019-இல் கொண்டுவந்த 'பிபிஏ ப்ரோ பவுலிங்' மாதிரி கொஞ்சம் கூடுதல் விலையில் இருப்பவற்றையும் இதே சோதனைக்கு உட்படுத்திப் பார்த்துவிட்டே வைத்துக்கொள்ளுங்கள், உரிமம் என்பது பெயருக்குத்தான், பந்து விலகுவதற்கு இல்லை.

பண்டிகைக்குச் சொந்தக்காரர்கள் வருகிறார்கள், குழந்தைகள் இருக்கிறார்கள் என்றால் எதையும் பார்க்காமல் மலிவானதையே வாங்குங்கள். வருஷத்துக்கு மூன்று மாலை ஓடினால் போதும், காசு வந்துவிட்டது. ஏற்கெனவே வாங்கியதைத் தூக்கிப் போடவும் வேண்டாம். ஸ்ட்ரைக் போட்டவர் அடுத்த முறை அதே இடத்திலிருந்து உருட்டக் கூடாது, குறைந்தது இரண்டு தட்டுத் தள்ளி நின்று ஆட வேண்டும் என்று வீட்டுக்குள் ஒரு விதி போட்டுக்கொள்ளுங்கள். எண்ணெய் நகர்ந்தால் நிஜ லேனில் என்ன செய்வார்களோ கிட்டத்தட்ட அதுதான் இது. இன்னும் முரண்டு பிடிக்கும் ஆள் இருந்தால் அவருக்குக் கனம் குறைந்த பந்தைக் கொடுத்து இடது கை ஆட்டக்காரராக்கிவிடுங்கள்.